1984 கல்யாணப் படம் சிவந்துவிட்டது: கர்வ்ஸில் எந்த வெள்ளையை நம்புவது?

மேலவீதி எழுதியது:

அம்மா அப்பாவின் கல்யாணம் 1984 வைகாசியில், தஞ்சாவூரில் நடந்தது. ஆல்பத்தில் நாற்பது சொச்சம் படங்கள் இருக்கின்றன. அதில் ஒன்பதுதான் கலர், மற்றவை கருப்பு வெள்ளை. கருப்பு வெள்ளைப் படங்கள் போன வாரம் கழுவியவை போல இருக்கின்றன. கலர் படங்கள் ஒன்பதும் செங்கல் சூளைக்குள் உட்கார்ந்து தாலி கட்டியது போலச் சிவந்து கிடக்கின்றன.

வரும் தையில் அப்பாவுக்கு பீமரத சாந்தி. தாலி கட்டும் படத்தைச் சரிசெய்து, பெரிதாகப் போட்டு, கூடத்தில் மாட்ட வேண்டும் என்று ஆசை. வீட்டு ஸ்கேனரில் 600 டிபிஐயில் ஜேபெக்காக எடுத்தேன். படம் திருத்த ஜிம்ப் 2.10 மென்பொருள் வைத்திருக்கிறேன். இதுவரை செய்த கூத்துகள்:

தானியங்கிச் சரிசெய்தலை அழுத்தினேன். ஐயர் பச்சையானார். வெப்பநிலைச் சறுக்கியை நீலப் பக்கம் தள்ளினேன். முகங்கள் கொஞ்சம் தேறின, ஆனால் அம்மாவின் தலைமுடி இன்னும் மருதாணி வைத்தது போலவே இருக்கிறது. கடைசியாக, "வெள்ளை எது என்று காட்டிவிட்டால் மற்றது தானாக வரும்" என்று எங்கோ படித்ததை நம்பி, வெள்ளைப் புள்ளியை அப்பாவின் வேட்டியில் வைத்தேன். மணமேடை முழுவதும் நிலா வெளிச்சத்தில் நனைந்ததுபோல நீலமாகிவிட்டது.

இன்னொரு சிக்கலும் உண்டு. புடவை அரக்கு, அதில் தகராறு இல்லை. கரை என்ன நிறம்? அம்மா பச்சை என்கிறாள். பெரியம்மா, "நான்தான் கூட இருந்து எடுத்தேன், நீலம்" என்கிறார். ஸ்கேனில் அது காப்பிப்பொடி நிறத்தில் இருக்கிறது. படம் எடுத்த ஸ்டுடியோ மூடிப் பல வருடம் ஆகிறது. நெகட்டிவைக் கேட்டபோது, கடையைக் காலி செய்கையில் மூட்டையாகக் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள்.

கோட்டை வளைத்து நிறத்தையும் வெளிச்சத்தையும் மாற்றும் கர்வ்ஸ் கருவியைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அந்தக் கோட்டைப் பிடித்து எங்கே இழுப்பது என்று யாராவது சொல்லுங்கள்.

பிக்சல்பித்தன் எழுதியது:

கர்வ்ஸில் மேலே சேனல் என்று ஒரு தேர்வு இருக்கும். படத்தின் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் ஒரு சேனல். மூன்று நிறமும் சேர்ந்த பொதுக் கோட்டைத் தொடாதீர்கள். சிவப்பைத் தேர்ந்தெடுங்கள். பின்னால் மலை போல ஹிஸ்டோகிராம் தெரியும், எந்த வெளிச்ச அளவில் எத்தனை பிக்சல் என்று காட்டும் வரைபடம் அது. இடது கீழ் மூலையில் இருக்கும் புள்ளியை, மலை தொடங்கும் இடம் வரை தரையோடு ஒட்டியே வலப்பக்கம் நகர்த்துங்கள். வலது மேல் மூலைப் புள்ளியை மலை முடியும் இடம் வரை இடப்பக்கம் நகர்த்துங்கள். பச்சைக்கும் நீலத்துக்கும் இதையே செய்யுங்கள். முக்கால் வேலை முடிந்தது. பிறகு பொதுக் கோட்டில் நிழலை இறக்கி வெளிச்சத்தை ஏற்றி லேசாக ஒரு எஸ் வளைவு போட்டால் நிறம் தூக்கிக் கொடுக்கும். ஐந்து நிமிட வேலை.

இருட்டறை எழுதியது:

தம்பி சொன்னது தவறில்லை. ஆனால் ஐந்து நிமிடத்தில் முடியாது. மதுரையில் ஒரு கலர் லேபில் 25 வருடம் பிரிண்ட் போட்டவன் நான். உங்கள் ஒன்பது படங்களைப் போல ஆயிரக்கணக்கில் கையால் கழுவியிருக்கிறேன். அவை இப்படிச் சிவந்துபோகும் என்று அன்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

முதலில் உங்கள் படத்துக்கு என்ன நேர்ந்தது என்று பார்ப்போம். கருப்பு வெள்ளைப் பிரிண்டில் இருப்பது வெள்ளி, உலோகம். நன்றாகக் கழுவியிருந்தால் அசையாது. கலர் பிரிண்டில் இருப்பவை சாயங்கள்: சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள் என்று மூன்று அடுக்கு. அந்தக் காலத்துத் தாளில் சயான்தான் சோப்ளாங்கி. பீரோவுக்குள் இருட்டில் வைத்திருந்தால்கூட முதலில் அதுதான் கரையும். சயான் சாயத்தின் வேலை சிவப்பு வெளிச்சத்தை விழுங்குவது. விழுங்க ஆள் இல்லாததால் சிவப்பு அப்படியே திரும்பி வருகிறது. உங்கள் படத்தில் சிவப்பு புதிதாகச் சேரவில்லை, சயான் கிளம்பிப் போயிருக்கிறது.

அடுத்தது முக்கியம். எங்கே சாயம் நிறைய இருந்ததோ அங்கேதான் இழப்பும் நிறைய. தலைமுடி, கோட்டு, நிழல் எல்லாம் சாயம் அப்பிய இடங்கள், அதனால் அவை மிகவும் சிவந்திருக்கும். வெளுப்பான இடங்களில் சயான் முதலிலேயே துளிதான், போவதற்கு ஒன்றுமில்லை. அங்கே வேறு நோய்: தாளே பழுத்து மஞ்சளாகியிருக்கும். ஆகவே ஒரே படத்தில் நிழலுக்குச் சிவப்பு நோய், வெளிச்சத்துக்கு மஞ்சள் நோய். வெப்பநிலைச் சறுக்கி இருவருக்கும் ஒரே மாத்திரையைக் கொடுக்கிறது. அதனால்தான் முகம் தேறியும் முடி தேறவில்லை. ஒவ்வொரு நிறத்துக்கும், ஒவ்வொரு வெளிச்ச அளவிலும் தனித்தனியாக மருந்து கொடுக்கக் கர்வ்ஸை விட்டால் வேறு வழியில்லை.

இனி வேட்டிக்கு வருகிறேன். முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளை கட்டுவது பட்டு வேட்டி அம்மா. பட்டு எப்போது வெள்ளையாக இருந்தது? அது சந்தன வெளுப்பு. அதை வெள்ளை என்று மென்பொருளிடம் சொன்னால், அதிலிருக்கும் மஞ்சளை எடுக்க ஊரையே நீலத்தில் முக்கிவிடும். அப்படியானால் பின்னால் நிற்கும் பெரியவரின் பருத்தி வேட்டியைக் காட்டலாமா என்று கேட்பீர்கள். அதுவும் கூடாது. விசேஷத்துக்கென்று நீலம் போட்டு அலசியிருப்பார்கள். அதைக் காட்டினால் படம் மறுபடி மஞ்சளடிக்கும்.

நம்பத் தகுந்த வெள்ளை ஒன்று உண்டு. படத்தைச் சுற்றி வெள்ளை ஓரம் விட்டிருக்கிறதா? அங்கே சாயமே இல்லை, வெறும் தாள். அது அன்று வெள்ளையாக இருந்தது என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வேன். கருப்புக்கு அம்மாவின் கொண்டையில் பூ மறைக்காத இடம். நடுச் சாம்பலுக்குப் படத்தில் ஏதாவது இருக்கிறதா என்று தேடிச் சொல்லுங்கள். மண்டபத்து மடக்கு நாற்காலிகள் பெரும்பாலும் சாம்பல் பெயின்ட்தான்.

ஒரு வேண்டுகோள். அந்த ஜேபெக்கை விட்டுவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். வெள்ளை ஓரமும் சேர்ந்து விழ வேண்டும். 48 பிட் கலர் (ஒரு நிறத்துக்கு 16 பிட், ஜேபெக்கைவிடப் படிகள் பல மடங்கு), டிஃப் கோப்பு. ஸ்கேனர் தானாகச் செய்யும் நிற மீட்பு, கூர்மை எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். உங்கள் சிவப்புச் சேனலில் சரக்கு பாதி அகலத்துக்குத்தான் இருக்கும். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிதான். அதில் பாதியை முழு அகலத்துக்கு இழுத்தால் ஹிஸ்டோகிராம் பல் உதிர்ந்த சீப்பு போலாகிவிடும், சுவரில் பட்டை பட்டையாகத் தெரியும். ஜிம்ப் 2.10 ஒரு நிறத்துக்கு 16 பிட் வரையும் அதற்கு மேலும் தாங்கும், கவலை வேண்டாம்.

மேலவீதி எழுதியது:

ஐயா, வெள்ளை ஓரம் இருக்கிறது! பிளாஸ்டிக் உறைக்குள் மூலை ஒட்டி வைத்திருந்ததால் கவனிக்கவே இல்லை. சொன்னபடி மறுபடி ஸ்கேன் செய்தேன். அப்பாவின் தோளுக்குப் பின்னால் இரண்டு மடக்கு நாற்காலிகள் தெரிகின்றன, சாம்பல்தான், முதுகில் வாடகைக் கடையின் பெயர்கூட பாதி தெரிகிறது.

எடுத்த அளவுகள், எல்லாம் 255-க்கு (0 என்றால் இருட்டு, 255 என்றால் முழு வெளிச்சம்):

ஓரம்: சிவப்பு 240, பச்சை 229, நீலம் 198.
கொண்டை: சிவப்பு 92, பச்சை 40, நீலம் 36.

கொண்டையில் சிவப்பு 92 என்று பார்த்ததும்தான் நீங்கள் சொன்னது உறைத்தது. கருப்பு முடியில் அவ்வளவு சிவப்பு!

இருட்டறை எழுதியது:

நல்ல பிள்ளை. அளவு எடுத்துவிட்டுக் கேட்பவருக்குப் பதில் சொல்வது சுகம்.

லேயரை, அதாவது படத்தின் அடுக்கை, நகல் எடுத்துக்கொண்டு அதன்மேல் வேலை செய்யுங்கள். கர்வ்ஸ் பெட்டியில் தரையில் படுத்திருக்கும் அச்சு உள்ளே வரும் அளவு, நின்றிருக்கும் அச்சு வெளியே போகும் அளவு. ஓரத்தை 246 பக்கமும் கொண்டையை 12 பக்கமும் கொண்டுபோக வேண்டும். 255-க்கும் 0-வுக்கும் தள்ளிவிடாதீர்கள். அந்தக் கடைசி ஓரத்தில்தான் மாலையின் மல்லிகை இதழும் முடியின் இழையும் இருக்கின்றன.

சிவப்பு: இடது புள்ளி 84-க்கு, வலது புள்ளி 246-க்கு.
பச்சை: இடது 30, வலது 236.
நீலம்: இடது 28, வலது 205.

சிவப்பில் பெரிய நகர்த்தல் நிழல் பக்கம் என்பதையும், நீலத்தில் பெரிய நகர்த்தல் வெளிச்சப் பக்கம் என்பதையும் கவனியுங்கள். நேற்று சொன்ன இரண்டு நோயும் எண்ணாகவே தெரிகிறது. முடித்ததும் நாற்காலியில் அளவு எடுங்கள். பிரிண்டில் சொரசொரப்பு இருக்கும், ஒற்றைப் பிக்சலை நம்பாமல் நிறம் எடுக்கும் கருவியில் சராசரி என்பதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மேலவீதி எழுதியது:

செய்தேன். கொண்டை கருப்பானது, ஓரம் வெள்ளையானது. இருந்தும் எல்லோரும் வெயிலில் நடந்து வந்தவர்கள் போல முகம் சிவந்திருக்கிறார்கள். நாற்காலி: சிவப்பு 158, பச்சை 141, நீலம் 143. இரண்டு முனையும் சரியாக இருக்கையில் நடு மட்டும் ஏன் சிவக்கிறது?

இருட்டறை எழுதியது:

ஏனென்றால் சாயம் நேர்கோட்டில் சாகாது. இருந்ததில் இத்தனை பங்கு என்ற கணக்கில் குறையும். அதை நேர்கோடாக இழுத்துச் சரிசெய்தால், இரண்டு முனையும் சேரும், நடுவில் தொங்கல் இருக்கும். அந்தத் தொங்கலை எடுக்கத்தான் கோடு வளைகிறது. இல்லாவிட்டால் இதற்குக் கர்வ்ஸ் எதற்கு, முனைகளை நகர்த்தும் லெவல்ஸ் கருவி போதுமே.

புதிதாக இன்னொரு கர்வ்ஸ் திறந்து சிவப்பில் மட்டும் 158-இல் ஒரு புள்ளி வைத்து 142-க்கு இறக்குங்கள். சிவப்பை இறக்குவது என்றால் தொலைந்த சயானைத் திருப்பிக் கொடுப்பது. நீலத்தை ஏற்றினால் மஞ்சள் போகும், பச்சையை ஏற்றினால் மெஜந்தா போகும். இது மூன்றும் மனப்பாடம் ஆகிவிட்டால் போதும். எங்கள் காலத்தில் எல்லாம் தலைகீழ். பிரிண்ட் மெஜந்தா அடித்தால், நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் என்லார்ஜரில் மெஜந்தா ஃபில்டரையே கூட்டுவோம், நெகட்டிவிலிருந்து போடுவதால். புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் ஒரு மாதம் அழுவார்கள்.

பிறகு முகத்தைப் பாருங்கள். நம் தோலில் சிவப்பு அதிகம், பச்சை அதற்குக் குறைவு, நீலம் அதற்கும் குறைவு. இந்த வரிசை இருந்தால் முகம் முகமாக இருக்கும். நீலம் பச்சையைத் தாண்டினால் காய்ச்சல் முகம். அதற்குமேல் வெளுக்க வைக்கவேண்டாம். லேபில் எங்களுக்கு வந்த குறிப்புச் சீட்டுகளில் பாதி, "பெண் கொஞ்சம் சிவப்பாகத் தெரியவேண்டும்" என்றுதான் இருக்கும். எத்தனை மாநிறப் பெண்களை அவர்கள் கல்யாணத்திலேயே வேறு ஆளாக்கியிருக்கிறோம் என்று இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

மேலவீதி எழுதியது:

நாற்காலி சாம்பலாகிவிட்டது. அம்மா அம்மாவாகிவிட்டாள். திரையைப் பார்த்துவிட்டு, "அன்றைக்கு எனக்கு இத்தனை பருவா இருந்தது?" என்றாள்.

பிறகு நான் சும்மா இருக்கவில்லை. பிக்சல்பித்தன் சொன்ன எஸ் வளைவைப் பொதுக் கோட்டில் போட்டேன், புடவை இன்னும் எடுப்பாக வரட்டும் என்று நிறச் செறிவையும் கூட்டினேன். புடவை அட்டையில் வெட்டி ஒட்டிய சிவப்புக் காகிதம் போல ஆகிவிட்டது. மடிப்பே இல்லை.

நான்கு கலர் எழுதியது:

இரண்டு நாளாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். இது எங்கள் ஆஃப்செட் அச்சுக்காரர்களின் தலைவலி என்பதால் உள்ளே வருகிறேன்.

பொதுக் கோட்டில் எஸ் போட்டால் மாறுபாடு மட்டும் கூடாது, நிறச் செறிவும் கூடும். மூன்று சேனலையும் தனித்தனியாக ஒன்றிலிருந்து ஒன்று விலக்கிவிடுகிறது அல்லவா? அரக்கில் சிவப்பு மேலே, பச்சையும் நீலமும் தரையோடு இருக்கும். எஸ்ஸின் அடிப்பகுதி அவற்றை இன்னும் அமுக்கும். அதன்மேல் செறிவும் கூட்டினால் இரண்டும் பூஜ்யத்தில் போய் முட்டிக்கொள்ளும். முட்டிய இடத்தில் மடிப்பு ஏது?

சிவப்புப் பட்டில் மடிப்பைக் காட்டுவதில் பெரும்பங்கு சிவப்புக்கு இல்லை. அச்சில் இதை வேண்டாத நிறம் என்போம். ரோஜாப்பூவை அச்சடிக்கும்போது மெஜந்தாவும் மஞ்சளும் நிறத்தைக் கொடுக்கும், அதில் துளியூண்டு விழும் சயான்தான் இதழுக்கு உருவம் கொடுக்கும். திரையில் பார்க்கும் படத்தில் அந்த வேலையைச் செய்வது தரையோடு கிடக்கும் பச்சையும் நீலமும்.

செறிவைக் கூட்டியதை ரத்து செய்யுங்கள். எஸ் வேண்டுமென்றால் தனி லேயரில் போட்டு லேயரின் பாங்கை லூமினன்ஸ் என்று மாற்றுங்கள், வெளிச்சம் மட்டும் மாறும், நிறம் நிற்கும். அடுத்துப் புடவையைச் சுற்றி ஒரு தேர்வு போடுங்கள், ஓரம் பிசிறாக, அவ்வளவு துல்லியம் வேண்டாம். பச்சைச் சேனலைத் திறந்து, புடவையின் மடிப்புக் குழியில் என்ன அளவு, மடிப்பு மேட்டில் என்ன அளவு என்று பாருங்கள். குழியில் 14, மேட்டில் 55 என்று வைத்துக்கொள்வோம். 14-ஐ அங்கேயே ஆணியடித்துவிட்டு 55-ஐ 66-க்கு ஏற்றுங்கள். கோடு அந்தச் சின்ன இடத்தில் செங்குத்தாகும். செங்குத்தான இடத்தில்தான் விவரம் பிறக்கும். மற்ற இடத்தில் கோடு தட்டையாகும், ஆனால் புடவையில் அந்த அளவுகள் ஜரிகையைத் தவிர வேறெங்கும் இல்லை, நஷ்டமில்லை. மேட்டில் சிவப்பு ஒரு பொட்டு வெளுக்கும். அதுதான் பட்டின் மினுமினுப்பு.

தேர்வு போடாமல் செய்தால் தலைமுடியின் நிழலும் பச்சையடிக்கும், ஜாக்கிரதை. பெரிதாகப் போடுமுன் அஞ்சலட்டை அளவில் ஒரு சோதனைப் பிரிண்ட் எடுங்கள். கோப்பை எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற வரையறையில் கொடுங்கள். உங்கள் திரை பிரகாசமாக வைத்திருந்தால் தாளில் எல்லாம் ஒரு சுற்று இருண்டுதான் வரும்.

பிக்சல்பித்தன் எழுதியது:

ஐந்து நிமிடம் என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். என் தாத்தாவின் படங்கள் இரண்டு இதே நிறத்தில் கிடக்கின்றன. வெள்ளை ஓரம் கத்தரித்திருக்கிறது. என்ன செய்வது?

இருட்டறை எழுதியது:

பின்பக்கத்தைத் தனியாக ஸ்கேன் செய்து ஏமாறாதீர்கள், அது வேறு பூச்சு. கத்தரித்த படத்தில் மல்லிகைச் சரமோ, சுண்ணாம்புச் சுவரோ, அரிசி மாக் கோலமோ தேடுங்கள். ஒன்றை நம்பாமல் மூன்றை எடுத்து, இரண்டு எதில் ஒத்துப்போகின்றன என்று பாருங்கள்.

மேலவீதி எழுதியது:

முடிந்தது. குழியில் 16, மேட்டில் 52 இருந்தது. 52-ஐ 64 ஆக்கினேன். கொசுவம் எண்ணிவிடலாம் போல வந்திருக்கிறது. ஐயா, நான்கு கலர், பிக்சல்பித்தன், மூவருக்கும் நன்றி.

கரை விஷயம் சொல்கிறேன். காப்பிப்பொடி போய் ஒரு நிறம் வந்தது, ஆனால் என்ன நிறம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. தோள்மேல் விழும் கரையில் அளவு எடுத்தால் சிவப்பு 40, பச்சை 82, நீலம் 60. மடியில் விழும் கரையில் சிவப்பு 38, பச்சை 60, நீலம் 92. எங்கேயோ வளைவைத் தவறாகப் போட்டுவிட்டேன் என்று நினைத்து, ஒரு ராத்திரி முழுக்க நீலக் கோட்டை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தேன். ஒன்று சரியானால் மற்றது கெட்டது.

காலையில் அம்மாவே பீரோவின் அடித்தட்டிலிருந்து புடவையை எடுத்துக்கொண்டு வந்தாள். வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்தது, ஜரிகை கருத்திருக்கிறது, மடிப்பில் ஒரு இடம் இற்றிருக்கிறது. சன்னல் பக்கம் கொண்டுபோய்க் கரையைப் பிரித்தோம். மயில்கழுத்து. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். இப்படிச் சாய்த்தால் பச்சை, அப்படிச் சாய்த்தால் நீலம்.

பெரியம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். "நான் சொன்னேனா இல்லையா, நீலம்" என்றார். அம்மா புடவையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள்.